புன்னையின் எடை

தராசு ஊருக்குள் வந்த அன்று செலஸ்தினா அதன் மேல் காறித் துப்பினாள்.

பேர்தான் தராசு. தட்டும் கிடையாது, முள்ளும் கிடையாது. லாரியிலிருந்து இறக்கியது பனை உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் கம்பம். உயிரின் எடை ஏற ஏற அதற்குள் பச்சை வெளிச்சம் மேலே ஏறும் என்றார்கள். எச்சில் அடிப்பாகத்தில் வழிந்து இறங்கியதைக் கூட வந்த எடை அதிகாரி பார்த்தார். கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். இதற்கு முன் எத்தனை ஊரில் துடைத்தாரோ, முகத்தில் கோபம்கூட இல்லை. அவர் பெயர் மகிழ்நன். பேர் வைத்த தகப்பன் அந்த முகத்தை ஒருமுறை வந்து பார்த்திருக்கலாம்.

கடல் ஏறத் தொடங்கிய பிறகு எல்லாக் கரையிலும் நடந்த கூத்துதான் இங்கேயும். சம்மனசுப்பட்டினம் கழிமுகத்தின் வடகரை, மீன்பிடிக்கிற ஊர். நொச்சியேந்தல் தென்கரை, விவசாயமும் புன்னந்தோப்பும் உள்ள ஊர். அரசாங்கத்திடம் இருந்த கல்லுக்கு ஒரு சுவர்தான் எழும்பும். வடகரையில் எழுப்பினால் தண்ணீர் திரும்பிப் போய்த் தென்கரையை விழுங்கும். தென்கரையில் எழுப்பினால் வடகரை போச்சு. தோற்ற ஊருக்குக் கடல் வாடையே அடிக்காத ஏதோ ஒரு பொட்டலில் அடுக்குமாடி வீடு.

எந்த ஊரைக் காப்பாற்றுவது என்று முதலில் மனிதர்களைத்தான் எடை போட்டார்கள். சாதியைச் சொல்லி, ஓட்டைச் சொல்லி, நாலு மாவட்டத்தில் வெட்டுக்குத்து. அதற்குப் பிறகு புதுச் சட்டம் வந்தது. மனிதனை மனிதனோடு ஒப்பிடக் கூடாது. ஒவ்வொரு ஊரும் தன் மண்ணிலோ தண்ணீரிலோ வாழ்கிற ஒரு உயிரை முன்னால் நிறுத்தட்டும். எந்த உயிர் கனமோ, அதன் ஊர் சுவருக்குள்ளே. ரொம்ப நாகரிகமான சட்டம். கத்தியைத் தன் கையில் எடுக்காமல் சேவல் காலில் கட்டிவிடுகிற நாகரிகம்.

சம்மனசுப்பட்டினம் ஆவுளியாவைச் சொன்னது. கடல் பசு என்று படித்தவர்கள் சொல்வார்கள். வளைகுடாவின் அடியில் முளைக்கிற புல்லை மேய்ந்துவிட்டு, மூச்சு வாங்க மட்டும் மேலே வந்து போகிற பெரிய சாதுப் பிராணி. நொச்சியேந்தல் புன்னையைச் சொன்னது. கடலில் மேய்கிற மிருகத்துக்கும் கரையில் பூக்கிற மரத்துக்கும் என்ன ஒப்பு என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எதிர் ஊர் அழியும் என்றால் கொசுவையும் கோபுரத்தையும் ஒப்பிடச் சொன்னாலும் இரண்டு ஊரும் வந்து உட்கார்ந்திருக்கும்.

முதல் கூட்டம் மீன் ஏலக்கூடத்தில். நடுவில் கயிறு கட்டி, இந்தப் பக்கம் ஒரு ஊர், அந்தப் பக்கம் ஒரு ஊர்.

செலஸ்தினாவின் அண்ணன் கப்ரியேல்தான் ஊர்த் தலைவர். அவர் முதலில் எழுந்தார். "எங்க ஆவுளியா புள்ளையக் கக்கத்துல அணைச்சுப் பால் கொடுக்கும். ஒங்க மரம் கொடுக்குமா?"

அந்தப் பக்கத்திலிருந்து முத்திருளாயி எழுந்தாள். புன்னந்தோப்பு அவள் குடும்பத்துப் பொறுப்பு. செலஸ்தினாவின் வயதுதான் இருக்கும். "ஒங்க ஆவுளியா பூக்குமா? அது விளக்கெரிய எண்ணெய் கொடுக்குமா? எங்க மரத்து எண்ணெயத் தடவாம ஒங்க வள்ளம் ஒண்ணு கடல்ல எறங்கியிருக்கா? ஓட்ட வள்ளத்துல போயி மீனோட மீனாக் கெடந்திருப்பீக."

"அதுக்கு மூச்சு இருக்கு!"

"எங்க மரம் மூச்சு விட்டாத்தான் ஒனக்கு மூச்சு."

"பயந்தா ஓடும். ஒங்க மரம் வெட்டுனாலும் நிக்கும், கும்பிட்டாலும் நிக்கும்."

"ஓடுறதுதான் ஒசத்தின்னா ஒரு தெருநாயக் கொண்டாந்து நிறுத்தியிருக்க வேண்டியதுதான?"

நொச்சியேந்தல் சிரித்தது. சம்மனசுப்பட்டினத்தில் ஒருவன் நாற்காலியைத் தூக்கினான். ஆனைக்கும் பானைக்கும் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. மகிழ்நன் ஒலிபெருக்கியைத் தட்டினார்.

"பால், எண்ணெய், பூ, ஓட்டம் எதுவும் கணக்குல வராது. தராசு பார்க்கிறது ஒண்ணே ஒண்ணுதான். ஒரு உயிருக்கு வலிச்சா, அது வேற எத்தனை உயிருக்கு, எவ்வளவு வலிக்குது? அதை நடுக்கம்னு சொல்றோம். கடல்ல ஆவுளியாவைப் பயமுறுத்துவோம். கரையில மரத்துல ஒரு கிளையை அறுப்போம். எறும்பு நடுங்கும், வௌவால் நடுங்கும், பக்கத்து மரத்து வேர் நடுங்கும், மீன் நடுங்கும். எல்லாத்து மேலயும் நடுக்கத்தை அளக்கிற பொடி தூவியாச்சு. உங்களுக்குக் காதுக்குப் பின்னால ஒரு வில்லை ஒட்டுவோம்."

"மனுசன எடை போடக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல?" என்றாள் செலஸ்தினா.

"உங்களைப் போடலம்மா. மரத்துக்காக உங்களுக்கு வலிச்சா, அது மரத்தோட எடை."

"எந்த ஊரு மனுசனுக்கு வலிச்சா?"

"எந்த ஊரா இருந்தா என்ன? நடுக்கத்துக்கு ஊர் தெரியாது. ஒண்ணு சொல்லிடறேன். மனுச நடுக்கம் மத்ததைவிடப் பல மடங்கு கனம். அழுது நடிச்சா எடுபடாது. பல்லைக் கடிச்சு அடக்கினாலும் எடுபடாது, மாத்திரை போட்டா வில்லை காட்டிக் கொடுத்துடும். உள்ள இருக்கிறதுதான் வரும்."

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பதை இவ்வளவு செலவு செய்து சட்டமாக்கியிருந்தார்கள்.

இனத்தின் சார்பாக ஓர் உயிரை ஒவ்வொரு ஊரும் காட்ட வேண்டும். கப்ரியேல் யோசிக்கவில்லை. முதுகில் விசைப்படகு கீறிய தழும்போடு, இந்த வருடம் குட்டி போட்டிருந்த தாய் ஆவுளியாவைச் சொன்னார். ஊர் அதை வடுக்காரி என்று கூப்பிடும். குழந்தைகள்கூட அதற்குக் கையசைக்கும்.

முத்திருளாயியும் யோசிக்கவில்லை. "கெழக்கு ஓரத்துல, வேலிய ஒட்டி நிக்கிற எளமரம்" என்றாள். அதிகாரியைப் பார்த்துச் சொல்லவில்லை. செலஸ்தினாவைப் பார்த்துச் சொன்னாள்.

அது லெயோன் மரம். லெயோன் செலஸ்தினாவின் ஒரே மகன், கடலுக்குப் போய்த் திரும்பாதவன்.

சம்மனசுப்பட்டினத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போனவன் உடலாகவாவது கரை ஒதுங்கினால் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். திரும்பி வராமலே போனால் அவன் சட்டையைப் புன்னந்தோப்பில் புதைத்து, மேலே ஒரு புன்னங்கன்று வைப்பார்கள். தங்கள் கரை மணலில் ஓதம் ஏறிக் கன்று நிற்காது என்பதால், தென்கரைக்காரர்கள் பாட்டன் காலத்தில் இடம் கொடுத்திருந்தார்கள். வருடா வருடம் கல்லறைத் திருநாளன்று ஊரே வள்ளத்தில் அக்கரை போகும். மரத்தடியில் மெழுகுவத்தி எரியும். நொச்சியேந்தல் பெண்கள் சுக்குக்காப்பி போட்டுக் கொடுப்பார்கள். செலஸ்தினா அந்த நாட்களில் முத்திருளாயியை அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

பிறகு நொச்சியேந்தல் நிலத்தை இறால் பண்ணைக்கு விட்டது. பண்ணைக் கழிவு வளைகுடாவில் இறங்கிக் கடல் புல் கருகியது. வடகரைக்காரர்கள் போய்ப் பண்ணையின் மோட்டார் கொட்டகையைக் கொளுத்தினார்கள். அவர்கள் தோப்பைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். அதிலிருந்து சம்மனசுப்பட்டினத்தார் ஒருவர் காலும் தோப்பில் படவில்லை. மகனுக்கு வைத்த கன்று இடுப்பு உயரம் இருந்தபோது செலஸ்தினா கடைசியாகப் பார்த்தது. இவ்வளவு நாளில் காய்ந்து போயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். காயவில்லை என்று இன்று தெரிந்தது, தெரிந்த விதம்தான் வயிற்றெரிச்சல்.

"தேவடியா முண்ட, தெரிஞ்சேதான் சொல்லியிருக்கா" என்றாள் வீட்டுக்கு வந்ததும். "எம்மவன வச்சே எம்மூர அறுக்கப் பாக்குறா."

கப்ரியேல் கதவைச் சாத்தினார். "பெத்த மனம் பித்துன்னு கணக்குப் போட்டிருக்கா. அவ போட்ட கணக்கு தப்பாப் போகணும். மத்த எவனுக்கும் அந்த மரத்துல பெருசா ஒண்ணும் கெடையாது. எல்லாம் ஒங்கையிலதான் இருக்கு, தங்கச்சி. நீ நடுங்கக் கூடாது."

"நீ தாய்மாமன். ஒனக்கு நடுங்காதா?"

"எனக்கு ஊரு இருக்கு" என்றார் அவர். சொன்னவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏற்கெனவே எடை முடிந்த ஏதோ ஒரு ஊரிலிருந்து பழைய வில்லை ஒன்றையும் கையகலத் திரை ஒன்றையும் வாங்கி வந்தார்கள். கப்ரியேல் வீட்டில் வைத்துப் பழக்கம் ஆரம்பமானது. அவளை நாற்காலியில் உட்கார வைத்துக் காதுக்குப் பின்னால் வில்லையை ஒட்டி, எதிரே நின்று "லெயோன்" என்றார்கள். திரையில் கோடு பாம்பு மாதிரி எகிறியது. சுற்றி நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். இரக்கத்தில் இல்லை, எரிச்சலில். வீடு, வலை, கோயில், கல்லறை எல்லாம் இந்த ஒருத்தியின் காதுமடலில் தொங்கினால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? தெருவில் போனால், "என்னத்தா, இன்னைக்காவது கோடு படுத்துச்சா?" என்று கேட்டார்கள். வாசலில் வைத்த தண்ணீர்க் குடத்தை யாரோ உதைத்துவிட்டுப் போனார்கள்.

கோபம் உதவியது. முத்திருளாயியின் முகத்தை நினைத்தால் உடம்பு கொதித்தது, ஆனால் கோடு ஏறவில்லை. கோபத்துக்குத் தராசில் எடை இல்லை போலும். ஆகவே காலையில் எழுந்ததும் அவளைத் திட்டினாள். சோறு வடிக்கும்போது திட்டினாள். செபமாலை உருட்டும் விரல்களால் திட்டுகளை உருட்டினாள். அப்போதும் "லெயோன்" என்றால் கோடு துள்ளியது. அடக்கினால் போதாது, உள்ளே இல்லாமல் இருக்க வேண்டும் என்று அந்த அதிகாரி சொன்னது சரிதான்.

பிறகு அவள் உள்ளே இருந்ததை எடுத்து வெளியே போட ஆரம்பித்தாள். மீன் தலையை உறிஞ்சித் தின்கிறவன், போட்டாள். மழை வந்தால் சட்டையைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு ஓடி வருகிறவன், போட்டாள். "நான் வார வரைக்கும் தூங்காத" என்று சொல்லிவிட்டுப் போனவன். அதைப் போடுவதற்குத்தான் அதிக நாள் ஆனது. கடைசியில் மிஞ்சியது புதைத்த நீலச் சட்டை. சட்டை வெறும் துணி, துணியை உப்பு தின்றிருக்கும், அங்கே ஒருவரும் இல்லை, இருப்பது மரம், மரம் எதிரியின் மரம். சொல்லிச் சொல்லி ஒரு மத்தியானம் அது அவளுக்கே உண்மையாகிவிட்டது.

கப்ரியேல் "லெயோன்" என்றார். கோடு படுத்துக் கிடந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து போட்டோவை எடுத்துக் காட்டினார். படுத்துத்தான் கிடந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கப்ரியேல் மட்டும் சிலுவை போட்டுக்கொண்டார். தங்கச்சியின் கண்ணைப் பார்த்து அவருக்கே பயம் வந்தது.

எடை போடும் நாள் வந்தது. இரண்டு ஊரும் காதுக்குப் பின்னால் வில்லையோடு கூடின. கழுத்தைத் திருப்பினால் வில்லை உறுத்தியது. யாரும் யாரையும் பார்க்கக் கழுத்தைத் திருப்பவில்லை.

முதலில் ஆவுளியா. வடுக்காரியும் குட்டியும் புல்லில் மேய்ந்துகொண்டிருந்ததை மேலே பறந்த கருவி திரையில் காட்டியது. விசைப்படகு எஞ்சின் சத்தத்தைத் தண்ணீருக்குள் விட்டார்கள். தாய் விலுக்கென்று திரும்பியது. தன் முதுகைக் கீறிய சத்தம் அதற்கு மறக்குமா? ஆழத்துக்குப் பாய்ந்தது. குட்டி ஒரு கணம் எங்கே போவதென்று தெரியாமல் வட்டமடித்தது. தாய் திரும்பி வந்து அதைத் தன் அடியில் தள்ளிக்கொண்டு ஓடியது. வடகரையே அலறிவிட்டது. செலஸ்தினாவும் அலறினாள். அதில் ஒன்றும் நடிப்பில்லை. கம்பத்தில் வெளிச்சம் சர்ரென்று ஏறி உச்சிக்குக் கொஞ்சம் கீழே நின்றது. அந்த உயரத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டார்கள்.

"இதத் தாண்டணும்னா ஒங்க மரம் நடந்துதான் வரணும்" என்று யாரோ கத்தினார்கள். முத்திருளாயி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பிறகு புன்னந்தோப்பு. வேலியை அன்றைக்கு மட்டும் திறந்துவிட்டார்கள். செலஸ்தினா உள்ளே நடந்தாள். மரம் இரண்டு ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. தடித்த இலை வெயிலில் மினுங்கியது. கிழக்குப் பக்கக் கிளையில் வெள்ளை வெள்ளையாகப் பூ, நடுவில் மஞ்சள். வாசம் வந்தது. மரம், எதிரியின் மரம், என்று அவள் சொல்லிக்கொண்டாள்.

வேண்டுமென்றேதான் பூத்த கிளையை அறுத்தார்கள். இயந்திர வாள் இரைந்தது. தூள் பறந்தது. உள்ளே ஒன்றும் அசையவில்லை. கிளை முறிகிறபோது அழுவதுபோல ஒரு சத்தம் வந்தது. அவளுக்கு அது மரம் முறிகிற சத்தம். வெட்டுவாயில் மஞ்சள் பால் கசிந்து பட்டையில் வழிந்தது. அவளுக்கு அது பால். கப்ரியேல் பக்கத்தில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பத்தில் வெளிச்சம் ஊர்ந்தது. எறும்பு, தேனீ, வௌவால், பக்கத்து மரங்களின் வேர், அவற்றுக்கு அடியில் இருக்கிற எதெதுவோ. ஏறி, ஏறி, கோட்டுக்கு ஒரு முழம் கீழே வந்து தயங்கி நின்றுவிட்டது. கப்ரியேல் மூச்சை விட்டார். பின்னால் இருந்த பையன்கள் சட்டையைக் கழற்றிச் சுழற்றத் தயாரானார்கள்.

அப்போதுதான் வெளிச்சம் ஒரே தாவாகத் தாவியது. கோட்டைத் தாண்டி உச்சியில் போய் முட்டி நின்றது.

ஒரு நிமிடம் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு சம்மனசுப்பட்டினம் மொத்தமும் திரும்பிச் செலஸ்தினாவைப் பார்த்தது. கப்ரியேல் அவளை ஓங்கி ஒரு அறை விட்டார். வில்லை தெறித்து மண்ணில் விழுந்தது.

"கெடுத்திட்டியேடி" என்றார். "கெடுத்திட்டியே."

அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தனக்குத் தெரியாமல் தான் நடுங்கிவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகத்தில் அவளுக்கு ஒரு துளி சந்தோஷம் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை பொய்.

மறுநாளே ஊரைக் காலி செய்ய லாரிகள் வந்தன. வீட்டுக்கு வீடு கட்டில், கிரைண்டர், மாதா சுரூபம் என்று ஏற்றினார்கள். வள்ளங்களை என்ன செய்வதென்று தெரியாமல் சிலர் அங்கேயே போட்டார்கள், சிலர் வெட்டி விறகாக்கினார்கள். செலஸ்தினாவின் சாமானுக்கு ஒருவரும் கை கொடுக்கவில்லை. அவள் கதவில் யாரோ மீன் குடலை வீசியிருந்தார்கள். அவள் அதைக் கழுவாமல் நேராக எடை அதிகாரியிடம் போனாள். அவர் கம்பத்தைக் கழற்றி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"யாரு நடுங்குனதுன்னு காட்டு."

"முடியாதும்மா. யார்னு சொன்னா கொலை விழும். அதான் சட்டம். அவங்கவங்க கோட்டை அவங்கவங்க பார்க்கலாம், அவ்வளவுதான்."

"எங்கோட்டக் காட்டு, அப்ப."

மகிழ்நன் திரையைத் தட்டினார். பார்த்தார். மறுபடி தட்டினார். முதல்தடவையாக அந்த முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. திரையை அவள் பக்கம் திருப்பினார்.

கோடு படுத்துக் கிடந்தது. வாள் இரைந்த இடத்திலும், கிளை முறிந்த இடத்திலும், பால் வழிந்த இடத்திலும், தரையோடு தரையாக.

"நீங்க இல்லம்மா" என்றார். "கெட்டுப்போன வில்லையோன்னு பார்த்தேன். இல்ல, ஆவுளியாவுக்கு நல்லா ஏறியிருக்கு. மரத்துக்கு மட்டும்... நான் இத்தனை ஊர் பார்த்திருக்கேன். சம்பந்தமில்லாம வேடிக்கை பார்க்க வந்தவனுக்குக்கூடக் கொஞ்சம் அசையும்." அவர் தொண்டையைச் செருமினார். "உங்க ஊர்க்காரங்க உங்களை அடிச்சதைப் பார்த்தேன். வேணும்னா இதை நானே அவங்க முன்னால காட்டறேன். நீங்க நடுங்கலைன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

செலஸ்தினா அக்கரைக்கு வள்ளம் தள்ளினாள்.

வேலி வாசல் இன்னும் திறந்துதான் கிடந்தது. லெயோன் மரத்தடியில் முத்திருளாயி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். சாணியும் களிமண்ணும் பிசைந்து வெட்டுவாயில் அப்பிக்கொண்டிருந்தாள். பூத்த கிளை தரையில் வாடிக் கிடந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம்.

"செயிச்ச ஊருக்காரிக்கு இங்க என்ன வேல?" என்றாள் செலஸ்தினா.

முத்திருளாயி திரும்பவில்லை. "தோத்த ஊருக்காரிக்கு என்ன வேலையோ, அதேதான்."

"இந்த மரத்த நீ எதுக்குச் சொன்ன?"

"நீ நடுங்குவேன்னு சொன்னேன். வேற எதுக்கு? பெத்தவ நிக்கையில அறுத்தா தாங்க மாட்டா, ஒருத்தி நடுங்குனாப் போதும், ஊரு பொழைச்சுக்கும்னு நெனச்சேன்." சாணிக் கையோடு அவள் இப்போது திரும்பினாள். "நீ நடுங்கல."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒம்மூஞ்சியத்தான பாத்துக்கிட்டு இருந்தேன். கல்லு மாதிரி நின்ன. கெளை முறியுது, நீ கண்ண மூடிக்கூடத் தொறக்கல. அப்பத்தான்..." அவள் நிறுத்திக்கொண்டாள்.

"அப்பத்தான் என்ன?"

"என்ன கேக்குற? அப்பத்தான் எனக்கு வந்துச்சு." அவள் கையை நீட்டினாள். சாணி அப்பிய விரல்கள் இன்னும் வெடவெடத்துக்கொண்டிருந்தன. அதைக் காட்ட அவளுக்கே கோபமாக இருந்தது. "வேலி போட்ட நாள்ல இருந்து நாந்தான் தண்ணி ஊத்துறேன். பாசத்துல ஊத்துனேன்னு நெனைக்காத. பட்டுப்போனா நாங்க கொன்னுட்டோம்னு நீங்க ஊரெல்லாம் சொல்லுவீக, அந்தப் பேரு வேணாம்னு ஊத்துனேன். பூச்சி விழுந்தப்ப சாம்பத் தூவுனேன். ஆடு கடிச்சப்ப ஆட்டுக்காரனோட சண்ட போட்டேன். இந்த வருசந்தான் மொதப் பூவு. அதையே அறுக்குறான், பெத்தவ மரக்கட்ட மாதிரி நிக்கிறா. இவனுக்குன்னு ஒருத்தரும் இல்லையான்னு தோணுச்சு. அம்புட்டுத்தான்."

செலஸ்தினாவுக்கு அவளை அடிக்க வேண்டும்போல இருந்தது. எதற்காக என்று சொல்லத் தெரியவில்லை. ஊரைப் பறித்ததற்கா, இன்னொன்றைப் பறித்ததற்கா? வாடிக் கிடந்த கிளையிலிருந்து ஒரு பூவை எடுக்கக் குனிந்தாள்.

"வையி அத" என்றாள் முத்திருளாயி. "ஒன்னோடது இல்ல."

செலஸ்தினா வைத்துவிட்டாள். மரத்தடியில் உட்கார்ந்து அழலாமென்று பார்த்தாள். கொஞ்ச நேரம் காத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் வரவில்லை. எதிரி பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னும் அவமானமாக இருந்தது. எழுந்து வந்துவிட்டாள்.

கடைசி லாரி கிளம்புகிற நேரம். அவள் சாமான் மட்டும் தெருவில் கிடந்தது. கப்ரியேல் ஓட்டுநர் பக்கத்தில் நின்றிருந்தார். கம்பம் ஏற்றிய வண்டியில் மகிழ்நன் அவளைப் பார்த்து, சொல்லட்டுமா என்று கேட்கிற மாதிரி கையிலிருந்த திரையைக் கொஞ்சம் உயர்த்தினார். அவள் வேண்டாமென்று தலையசைத்தாள்.

"ஒரு நிமிசம்" என்றார் கப்ரியேல். குரல் உடைந்திருந்தது. "ஒரே ஒரு நிமிசம் கல்லா நின்னிருக்கக் கூடாதா? அம்புட்டு நாள் பழகுனியே. ஊருக்காக முடியலையா ஒன்னால?"

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், குடத்தை உதைத்தவனும் குடலை வீசியவனும் காலில் விழுவார்கள். சாமானைத் தூக்கி ஏற்றுவார்கள். புது ஊரில் பக்கத்து வீட்டுக்காரி கடன் கேட்கத் தைரியமாகக் கதவைத் தட்டுவாள்.

"முடியலண்ணே" என்றாள் செலஸ்தினா. "பெத்த வயிறு. கேக்கலண்ணே."

ஒரு பெண் "தூ" என்று துப்பினாள். அது அவள் காலடியில் விழுந்தது. கப்ரியேல் முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் ஏறினார். அவள் தன் சாமானைத் தானே ஒவ்வொன்றாகத் தூக்கி ஏற்றிவிட்டு, பின்பக்கம் மூட்டைகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்தாள்.

லாரி கழிமுகப் பாலத்தில் ஏறியபோது அக்கரையில் புன்னந்தோப்பு தெரிந்தது. தலை குனிந்து மடியில் கிடந்த இரண்டு கைகளையும் பார்த்தாள். அசையாமல் கிடந்தன. யாராவது திரும்பிப் பார்ப்பதற்குள் முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள்.